கல்யாண கேசட்டின் கடைசியில் ஓடியவள்

எஸ்.டி.டி. பூத்திலிருந்து திரும்பிய பாஸ்கர் பாவா, செருப்பைக் கழற்றாமலேயே வீட்டுக்குள் வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மறுபடி எடுத்துப் பையில் செருகிக்கொண்டார்.

அக்கா புடலங்காய் அரிந்துகொண்டிருந்தாள். “இன்னா ஆச்சு?” என்றாள்.

பாவா என்னைப் பார்த்தார். “வசந்தா, நீ மெட்ராஸ்ல ஓடிகினு கீற.”

“நான் இங்கதான கீறேன் பாவா.”

“மாம்பலத்துல, ஒரு கல்யாண வூட்ல. டிவில. பந்தி முடிஞ்சி சொந்தக்காரங்க எல்லாம் கை கழுவினதும் நீ வந்து ஓடறியாம். நிக்காம ஓடறியாம்.”

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதில் சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

பத்திரிகையில் என் இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து, நான் திருடனைப் பிடித்த கதை எப்போது வரும் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. வரும். ஆனால் திருடனைத் துரத்த முதலில் ஓடத் தெரிய வேண்டும். எனக்கு இருபத்து மூன்று வயது வரை அது தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த கேசட்

பாவா என்றால் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீட்டிலும் அப்பா நைனாதான், அக்கா புருஷன் பாவாதான். ஆந்திரா பஸ் ஏறினால் அரை மணி நேரம். வார்த்தைகள் டிக்கெட் எடுக்காமலேயே வந்து போகும்.

பாவா திருத்தணி பஜாரில் வீடியோ கடை வைத்திருந்தார். முகூர்த்த நாளில் மலைமேல் வரிசையாகக் கல்யாணம் நடக்கும். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டி எழுந்திருப்பதற்குள் அடுத்த மாப்பிள்ளை மாலையோடு நிற்பார். பாவா தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு, லைட் பிடிக்கிற ஆளை முன்னே விட்டு, அந்தக் கூட்டத்தில் மீன் மாதிரி நீந்துவார். நான் அக்கா வீட்டில் தங்கிக் கடையில் ஆல்பம் ஒட்டுவேன்.

ஒருமுறை கேமரா ரிப்பேருக்குப் போய் வந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க, அதிகாலையில் ஓடப் போகும் என்னோடு பாவாவும் வந்தார். “நிக்கறத எடுத்தா ரிப்பேர் தெரியாது. ஓடறத எடுத்தாதான் தெரியும்” என்றார். அவருடைய பழைய பேண்ட்டைத்தான் நான் போட்டிருந்தேன், இடுப்பில் கயிறு கட்டி. எங்கள் ஊரான கண்டிகைக்குப் போகிற ரோட்டில் நான் முன்னால் ஓட, நண்பரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒரு கேசட்டின் கடைசிப் பகுதியில் எடுத்தார். எடுத்ததைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்து, படம் ஆடவில்லை என்றதும் மறந்துவிட்டார்.

அதே கேசட்டைப் பின்னோக்கிச் சுற்றி, அதில்தான் மாம்பலத்துக்காரர்களின் கல்யாணத்தைப் பிடித்திருக்கிறார். பையன் வெளிநாடு போக வேண்டும், பாட்டு கீட்டு சேர்க்க வேண்டாம், எடுத்ததை அப்படியே காப்பி போட்டுக் கொடுங்கள் என்று வாங்கிப் போய்விட்டார்கள். கல்யாணம் சிறியது. கேசட் பெரியது. கல்யாணம் முடிந்த இடத்தில் திரையில் நாலு கோடு ஓடி, அப்புறம் நான் ஓடியிருக்கிறேன்.

“மங்களமா முடிய வேண்டிய கேசட்ல யாரோ ஒரு பொண்ணு முதுகக் காட்டிகினு ஓடறான்னு அந்தப் பெரியவரு கத்தறாரு” என்றார் பாவா. “வேற காப்பி போட்டுத் தரேன்னேன். போனக் கட் பண்ணிட்டாரு.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முகம் தெரியவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

யார் துரத்தினது?

நைனாவும் அம்மாவும் கே.ஜி.கண்டிகையில் கரும்பு வெட்டுகிறவர்கள். வெட்டுக் காலத்தில் திருவாலங்காட்டு ஆலைக்குப் போகிற லாரியில் கட்டு ஏற்றுவார்கள். பலகைமேல் கட்டோடு ஏறும்போது அம்மாவின் இடுப்பு ஒரு பக்கமும் சாயாது, தலைச்சுமை அசையாது. அதைப் பார்த்து வளர்ந்த நான், எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உடம்பில் எந்தக் குறையும் வராது என்று திடமாக நம்பினேன். சுமப்பது வேறு, ஓடுவது வேறு என்று அப்போது தெரியவில்லை.

பிளஸ் டூ முடித்துச் சில வருஷம் கழித்துப் பெண் போலீஸ் வேலைக்கு எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். உடல் தகுதித் தேர்வில் நானூறு மீட்டர், மைதானத்தைச் சுற்றி ஒரு சுற்று. முதல் வளைவு வரை எனக்கு முன்னால் யாரும் இல்லை. இரண்டாவது வளைவில் இடது முழங்காலில் யாரோ ஊசியை இறக்கித் திருகியது மாதிரி இருந்தது. நொண்டிக்கொண்டு கோட்டைத் தாண்டியபோது நேரம் முடிந்திருந்தது. விசில் வைத்திருந்தவர் கோழியைத் துரத்துவது போலக் கையை ஆட்டினார்.

ஓடும்போது கால் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். முழங்கால் என்று சொன்னால் நைனா அன்றோடு நிறுத்திவிடுவார். கரும்புத் தோகையில் கால் கிழிந்து வாழ்க்கை முழுக்க வலியோடு நடந்தவர் அவர். மகளின் காலில் வலி என்றால் சகிக்க மாட்டார்.

அதன்பிறகு தினமும் ஓடினேன். அதிகமாக ஓடினால் வலி பழகிவிடும் என்பது என் கணக்கு. கண்டிகை டீக்கடையில் வழக்கமாக ஒருவர் கேட்பார்: “இன்னாம்மா, யாரு துரத்தினு வரா?” நான் பதில் சொல்வதில்லை. மூச்சு வீணாகும். திரும்பி நடந்து வரும்போது படிக்கட்டு ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். அக்காவுக்கும் தெரியாது. இரண்டு வருஷம் அப்படி ஓட்டினேன்.

அடுத்த தேர்வுக்கு அறிவிப்பு வந்திருந்தது. என் வயதுக்கு அதுதான் கடைசி.

கேசட்டில் ஓடும் பெண்ணுக்கு

பாவா அந்தப் போன் பேசிப் பத்து நாள் இருக்கும். கடை முகவரிக்கு ஒரு கவர் வந்தது. பெறுநர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘கேசட்டில் ஓடும் பெண்ணுக்கு’ என்று எழுதியிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நைனா கண்டிகையிலிருந்து வந்திருந்தார். அக்கா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பாவா கவரைப் பிரித்து, கல்யாண வீட்டுக்காரர்கள் இன்னும் என்ன திட்டியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று சத்தமாகப் படித்தார்.

‘உங்களை எனக்குத் தெரியாது. முகம்கூடத் தெரியாது. என் மாமா மகளின் கல்யாண கேசட்டில் உங்கள் முதுகை மட்டும் ஆறேழு முறை பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கேசட் போடுகிறார்கள்; கடைசியில் நீங்கள் வந்ததும் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. நான் பிசியோதெரபி படித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். உங்களை ஒன்று கேட்க வேண்டும். உங்கள் இடது முழங்காலில் வலி இருக்கிறதா?’

பாவா நிறுத்தினார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“முட்டில வலி கீதா உனக்கு?” என்றார் நைனா.

“ஆங்.”

“எம்மாம் நாளா?”

“ரெண்டு வருஷமா.”

நைனா தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மோர் சோற்றின்மேல் வழிந்து ஓரத்துக்கு வந்தது. ஓடினது போதும் என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். அவர் பாவாவிடம் திரும்பினார்.

“எழுதினவங்க இன்னா செய்யச் சொல்றாங்க? மிச்சத்தப் படி.”

மிச்சத்தில் இப்படி இருந்தது. நான் இடது காலை ஊன்றும்போதெல்லாம் பேண்ட்டின் வலது பாக்கெட் கீழே இறங்குகிறது. இடது முழங்கால் உள்ளே மடங்கி வலது முழங்காலைத் தேடிப் போகிறது. இடுப்பின் பக்கவாட்டில், பாக்கெட் இருக்கும் இடத்தில், உடம்பைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் தசை ஒன்று இருக்கிறது. எனக்கு இடது பக்கம் அது பலமில்லாமல் இருக்கலாம். பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறாளாம். வலிப்பது முழங்கால், ஆனால் கோளாறு இடுப்பில் என்று எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் குச்சி மனுஷிகள் வரைந்து, எந்தக் காலை எப்படித் தூக்குவது என்று அம்புக்குறி போட்டிருந்தாள். கீழே மாலினி என்று கையெழுத்து.

மாலினியை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, ரொம்ப வருஷம் கழித்து. மலைக்கு வந்திருந்தாள். நான் யூனிபார்மில் இருந்தேன், பந்தோபஸ்து. நான்தான் வசந்தா என்று சொல்லியும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. “கொஞ்சம் திரும்பி நடங்க” என்றாள். வரிசையில் நிற்கிற கூட்டத்துக்கு முன்னால் பத்தடி நடந்து காட்டினேன். “சரி, நீங்கதான்” என்றாள். அதைப் பிறகு ஒரு வாரம் எழுதுகிறேன்; இப்போது அந்தக் கடிதத்துக்கே வருகிறேன்.

நண்டு நடை

சுவரில் முதுகும் குதிகாலும் ஒட்டும்படி ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்க வேண்டும். குதிகால் சுவரைவிட்டு நகரக் கூடாது. இதென்ன பிரமாதம் என்று ஆரம்பித்தேன். வலது கால் சுலபமாகப் போனது. புரண்டு படுத்து இடது காலைத் தூக்கினேன். எட்டாவது தடவையில் இடுப்பின் பக்கத்தில் அடுப்பு மூட்டின மாதிரி எரிந்தது. பத்தாவதில் கால் தானாக விழுந்தது. தினமும் கண்டிகை வரை ஓடி வருகிற கால் அது. வெறும் பத்துத் தடவை காற்றில் தூக்க முடியவில்லை.

அன்றுதான் மாலினியை முழுசாக நம்பினேன்.

மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது ஒன்று. வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்று, மறு பக்கத்து இடுப்பை இறக்கி ஏற்றுவது ஒன்று. ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது ஒன்று. அப்போது முழங்கால் உள்ளே போகக் கூடாது. எல்லாவற்றிலும் கடினம், தொடைகளைச் சுற்றி ரப்பர் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது. ரப்பருக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நைனா அடுத்த ஞாயிறு வந்து மடியிலிருந்து ஒரு பழைய சைக்கிள் டியூபை எடுத்தார். இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் அறுத்து முடிச்சுப் போட்டிருந்தார். கரும்பு வெட்டும் கத்தியில் அறுத்த ஓரம் போல நேராக இருந்தது வெட்டு.

அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து காட்டினேன். நைனா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வயல்ல நண்டு இப்டித்தான் போவும்” என்றார். “அதுக்கு முட்டி வலிக்குதுன்னு நான் கேள்விப்பட்டதில்ல. செய்.”

ஆறு வாரம் செய்தேன். டியூபில் ரப்பர் வாசனை போய் என் வியர்வை வாசனை வந்துவிட்டது. இடது காலை முப்பது தடவை தூக்கினேன். படிக்கட்டில் கைப்பிடி தேவைப்படவில்லை. நானாகவே பாவாவிடம் போய், மறுபடி என்னைப் படம் பிடியுங்கள் என்றேன்.

பொட்டு வைத்த முழங்கால்

இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடந்தது. மாலினி கடிதத்தில் சொன்னபடி இடுப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன். முழங்கால் திரும்புவது தெரிய ஏதாவது அடையாளம் வேண்டும் என்றிருந்தாள். அக்கா தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரியதாக இரண்டு எடுத்து, பேண்ட்டை மடித்துவிட்டு முழங்கால் சில்லின்மேல் ஒட்டினாள். “பூஜைக்கு வச்ச குத்துவிளக்கு மாதிரி கீற” என்றாள்.

முதலில் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தேன். அப்புறம் ஸ்கூட்டருக்கு முன்னால் ஓடினேன்; பாவா பின்பக்கமும் எடுத்தார், முந்திப் போய் முன்பக்கமும் எடுத்தார்.

வீட்டில் டெக்கில் போட்டுப் பார்த்தோம். உட்கார்ந்து எழுகிற இடத்தில் பொட்டு கோடு போட்டது மாதிரி நேராக இறங்கி நேராக ஏறியது. அக்கா கை தட்டினாள். அடுத்து ஓட்டம். பாவா பழைய படத்தின் காப்பி ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதைப் போட்டார், புதியதைப் போட்டார், படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நிறுத்திய படம் திரையில் நடுங்கியது. இடது கால் ஊன்றியிருக்கிறது. சிவப்பு ரிப்பன் வலது பக்கம் சரிந்திருக்கிறது. இடது பொட்டு உள்ளே பார்க்கிறது.

“மாறல வசந்தா” என்றார் பாவா. தப்பு அவருடையது போலச் சொன்னார்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பொட்டைப் பிய்த்து எறிந்தேன். ஆறு வாரம். தேர்வுக்கு இரண்டு மாதத்துக்கும் குறைவு. அன்றே ஓர் இன்லேண்ட் லெட்டர் வாங்கி எழுதினேன். ‘மேடம், நீங்கள் சொன்ன எல்லாம் செய்தேன். பலம் வந்துவிட்டது. ஓட்டம் மாறவில்லை. பலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?’ மரியாதைக்கு ஒரு வணக்கம்கூடப் போடவில்லை.

பதில் நான்காம் நாள் வந்தது. இன்றைக்கும் என் பெட்டியில் இருக்கிறது.

‘பலம் வந்தால் ஓட்டம் தானாகத் திருந்தும் என்று நானும் நம்பினேன். தப்பு. உங்கள் கடிதத்தை எங்கள் சீனியரிடம் காட்டினேன். அந்தப் பெண் ஒற்றைக் காலில் உட்காருவதைக் கவனித்துப் பழகினாள், அதைக் கற்றுக்கொண்டாள். ஓடுவதை அவளுக்கு யார் பழக்கினார்கள் என்று கேட்டார். நீங்கள் ஆறு வாரமும் பழைய மாதிரியே ஓடிக்கொண்டிருந்தீர்கள். உடம்புக்கு அந்த ஓட்டம்தான் தெரியும். ஓடும்போதே தன்னைப் பார்த்துத் திருத்த வேண்டும். பலம் அதற்குத் துணை நிற்கும். இங்கே ஓடுகிற இயந்திரத்துக்கு முன்னால் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. உங்கள் ஊரில் அதற்கு என்ன வழி என்று எனக்குத் தெரியவில்லை. மன்னியுங்கள்.’

படித்தவர் ஒருவர் எனக்கு, தான் சொன்னது தப்பு என்று எழுதியது அதுதான் முதல் தடவை. கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வழி தெரியவில்லை என்று ஒருத்தி நேராகச் சொல்லிவிட்டால், தேடுகிற வேலை நம்முடையது.

வெளிச்சம்

முதலில் அக்காவின் பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தேன். பீரோவுக்குள் இருந்த வளையல் டப்பா உருண்டது. மாடிக்குக் கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா மேலே வந்து, நெல் குத்துகிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனார். அதோடு அது நின்றது.

இரண்டு நாள் கழித்து ரோட்டில்தான் கண்டுபிடித்தேன். கண்டிகைக்குப் போகிற ரோடு மேற்கே போகும். வழக்கமாக இருட்டில் கிளம்பிவிடுவேன், ஆட்கள் பார்க்காமல் இருக்க. அன்று தூங்கிவிட்டேன். கிளம்பும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் உயரம் வந்திருந்தது. தார் ரோட்டில் எனக்கு முன்னால், பனைமரம் நீளத்துக்கு, நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

நிழலின் இடுப்பு ஆடியது. ஒவ்வொரு இடது அடிக்கும் தலை ஒரு பக்கம் சரிந்தது. இரண்டு கால்களுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு துண்டு வெளிச்சம் தெரிந்தது. இடது கால் ஊன்றியதும் அது மூடிக்கொண்டது, வலது கால் ஊன்றியதும் திறந்தது.

அந்த வெளிச்சம் மூடக் கூடாது. எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

முழங்காலைக் கொஞ்சம் வெளியே நினைத்து வைத்தேன். பிட்டத்தை இறுக்கினேன். வெளிச்சம் திறந்தே இருந்தது. நாலு அடி, ஐந்து அடி. மறுபடி மூடியது. மறுபடி இறுக்கினேன். குளித்துவிட்டு ஈரத்தோடு ஓடுகிற மாதிரி அசிங்கமாக இருந்தது அந்த ஓட்டம். இரண்டு நிமிஷத்தில் இடுப்பின் பக்கத்துத் தசை எரிய ஆரம்பித்தது. அதே எரிச்சல், சுவரோரம் படுத்துக் காலைத் தூக்கினபோது வந்தது. அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் ஓட்டத்தில் அந்தத் தசை எரிந்ததே இல்லை என்று. பலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மாலினியிடம் கேட்டேனே, அதற்குப் பதில் இடுப்பிலேயே இருந்தது.

மறுநாளிலிருந்து அக்கா சைக்கிளில் பின்னால் வந்தாள். இருட்டில் ஓடுவதை நிறுத்திவிட்டேன். ஊரே விழித்திருக்கிற நேரத்தில், சூரியன் இருக்கும்போதுதான் ஓட முடியும். டீக்கடையில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். எனக்கு நிழலைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

“வெளிச்சம் போச்சு” என்பாள் அக்கா பின்னாலிருந்து. “போச்சு... வந்துச்சு. வச்சிக்கோ, வச்சிக்கோ.”

மூன்றாவது வாரம் மூட்டம் போட்டது. நாலு நாள் சூரியனே இல்லை. ரோட்டில் நிழல் கிடையாது. உள்ளுக்குள் எப்படி இருந்ததோ அதை வைத்துக்கொண்டு ஓடினேன். கண்டிகை எல்லையில் நின்று மூச்சு வாங்கினபோது அக்கா சைக்கிளைவிட்டு இறங்கினாள்.

“எப்டி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நான் ஒண்ணும் சொல்லலியே” என்றாள். “சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. நேரா ஓடன.”

முழங்காலைத் தடவிப் பார்த்தேன். வலி எங்கோ தூரத்தில் இருப்பது போல லேசாக இருந்தது. ஒரு வாரத்தில் அதுவும் இல்லை.

ஒரு சுற்று

தேர்வு நாளன்று என் பிரிவைக் கூப்பிட்டபோது உச்சி வெயில். நிழல் காலடியில் கூழாங்கல் அளவுக்குச் சுருண்டு கிடந்தது. அதை நம்பி நான் வரவில்லை.

ஐந்து பேர் ஒரு வரிசை. சுண்ணாம்புக் கோடு செருப்பில்லாத காலில் சுட்டது. விசில் அடித்ததும் மற்ற நாலு பேரும் பாய்ந்தார்கள். முதல் வளைவில் நான் நான்காவது. பழைய வசந்தா முதலாவதாக இருந்திருப்பாள். அவசரப்படவில்லை. வளைவில் இடது கால் உள்பக்கம். அங்கேதான் அது மடங்கும். இறுக்கிப் பிடித்தேன். முன்னால் ஓடுகிறவள் ஒருத்தியின் முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசுவது தெரிந்தது. இவளுக்கும் வலிக்கும் என்று நினைத்துக்கொண்டே அவளைத் தாண்டினேன்.

இரண்டாவது வளைவு. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. அது சும்மா இருந்ததுதான் எனக்குக் கிடைத்த தைரியம். கடைசி நூறு மீட்டரில் வைத்திருந்ததை எல்லாம் போட்டேன். தொண்டையில் இரும்பு வாசனை. கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் காவலர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பேரு?”

“வசந்தா.”

அட்டையில் டிக் அடித்தார். “செகண்டு. போய் உக்காரு, அடுத்தது தாண்டுறது.”

பாவாவும் நைனாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். நைனா கையை உயர்த்தவில்லை, ஒன்றும் செய்யவில்லை. என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நொண்டாமல் நடந்து போய் உட்கார்ந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பயிற்சிப் பள்ளியில் ஒரு மாலை

வேலை கிடைத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். காலையில் ஓட்டம், அப்புறம் டிரில், மறுபடி ஓட்டம். மூன்றாவது வாரத்தில் நாங்கள் தங்கியிருந்த பேரக்கில் பாதிப் பேர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். டிரில் கொடுக்கிற குணவதி ஏட்டம்மா கண்டிப்பானவர். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். “பொம்பள முட்டின்னா வலிக்கத்தான் செய்யும். பல்லக் கடிச்சிக்கினு ஓடுங்க” என்பார்.

நான் மட்டும் மாலையில் பேரக்குக்குப் பின்னால், மரத்தடியில், என் டியூபோடு நண்டு நடை நடப்பேன். முதலில் ஒருத்தி வந்து என்ன என்று கேட்டாள். அடுத்த நாள் மூன்று பேர். பத்து நாளில் பன்னிரண்டு பேர் வரிசையாக ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தோம். எண்ணுவது நான்.

அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாலையில் ஏட்டம்மா வந்து நின்றார். பன்னிரண்டு காலும் அப்படியே இறங்கின. எல்லாரும் எழுந்து விறைப்பாக நின்றோம்.

“இன்னா நடக்குது இங்க?”

“எக்சர்சைஸ் மேடம். முட்டி வலிக்கு.”

“படுத்துகினா?”

“ஆங் மேடம். இடுப்புக்கு. இடுப்பு நின்னா முட்டி நிக்கும்.”

“யாரு சொன்னது?”

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், “மெட்ராஸ்ல ஒரு மேடம்” என்றேன்.

அவர் எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். மற்றவர்களைப் போகச் சொன்னார். அவர்கள் போனார்கள். தண்டனை எனக்கு மட்டும்தான் என்று நினைத்து நின்றேன். ஏட்டம்மா பேரக் திரும்புகிற மூலை வரை பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கல்மேல் வைத்தார். பெல்ட்டைத் தளர்த்தினார்.

“எனக்கு எட்டு வருஷமா வலி” என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “ரெண்டு முட்டியும். எந்தப் பக்கம் படுக்கணும்?”

“வலது பக்கமா படுங்க மேடம். இடது கால் மேல இருக்கட்டும்.”

புல்லில் படுத்தார். காலைத் தூக்கினார். பாதி உயரத்திலேயே தொடை நடுங்கியது. நெற்றியில் வியர்வை வந்தது. முகம் மட்டும் டிரில் மைதானத்தில் இருப்பது போலவே இறுகியிருந்தது.

“இடுப்பு பின்னாடி சாயுது மேடம். நேரா வையுங்க.”

எனக்குப் போலீஸ் நம்பர் கொடுத்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏட்டம்மா இடுப்பை நேராக வைத்தார்.

“ஒண்ணு” என்று எண்ண ஆரம்பித்தேன்.